ஏழாவது தகடு

பதினொரு மணி நேரம்தான் கொடுத்திருந்தார் தொட்டியை விற்றவர். காலை ஆறு முதல் மாலை ஐந்து வரை. ஐந்துக்கு மேல் அந்த இடத்தில் ஒரு நட்டுகூடக் கிடக்கக் கூடாது, மறுநாள் நிலத்தை வாங்கியவர்கள் வேலி போட வருகிறார்கள் என்று போனில் இரண்டு முறை சொல்லியிருந்தார். சரியாக ஆறு மணிக்கு நாங்கள் நாலு பேரும் தொட்டியின் முன்னால் நின்றோம். ஆறே முக்காலுக்கும் அப்படியே நின்றுகொண்டிருந்தோம். எந்தப் பக்கத்திலிருந்து கழற்றத் தொடங்குவது என்று அப்பாவும் சித்தப்பாவும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது.

"உங்க சித்தப்பாகிட்ட சொல்லு, கதவு இருக்கற பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்னு" என்றார் அப்பா.

சித்தப்பா மூன்றடி தள்ளித்தான் நின்றார். நான் திரும்பினேன். "சித்தப்பா, கதவுப் பக்கத்துலேர்ந்து..."

"கேட்டுச்சு. உங்க அப்பாகிட்ட சொல்லு, கதவுச் சட்டம் துருப்பிடிச்சு ஒட்டிக் கெடக்கு, அங்க ஆரம்பிச்சா மத்தியானம் வரைக்கும் அங்கயேதான் நிப்போம்னு."

நான் அப்பாவின் பக்கம் திரும்பினேன்.

"எனக்கென்ன காது செவிடா?" என்றார் அப்பா, என்னிடம்.

ஜாக்கிக்காரர் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாக்கிகளையும் தன்னையும் சேர்த்து வாடகைக்கு விடுகிறவர். "ஏன் சாமிங்களா, எல்லாத்தையும் பாப்பாகிட்டயே சொல்லிட்டிருந்தா எப்படி? ஜாக்கியையும் பாப்பாவே தூக்குமா?"

தொட்டி என்றதும் தண்ணீர்த் தொட்டி என்று நினைக்க வேண்டாம். இது தானியம் கொட்டிவைப்பது. நெளிநெளியான இரும்புத் தகடுகளை வளைத்து வட்டமாகச் சேர்த்து, வட்டத்தின் மேல் வட்டமாக நாலு அடுக்கு; மேலே கூம்புக் கூரை. போன வருடம் எங்கள் வயல் மக்காச்சோளமும் சித்தப்பா வயல் மக்காச்சோளமும் மூட்டையிலேயே நனைந்து முளைவிட்டுவிட்டன. அதற்குப் பிறகு அம்மாவும் சித்தியும் பேசி, இரண்டு வீட்டுக்குமாக ஒரு தொட்டி வாங்குவது என்று முடிவெடுத்தார்கள். பழையதே போதும் என்று அவர்களே தேடினார்கள். அண்ணன் தம்பியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் நான்தான் போய்க் கேட்டிருக்க வேண்டும். அறுவடைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

கூரையைத்தான் முதலில் பிரிப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சுற்றிலும் ஜாக்கிகளை நிறுத்தி மொத்தத் தொட்டியையும் தூக்கிப் பிடித்துக்கொள்வார்கள். அடியில் உள்ள வட்டத்தை மட்டும் கழற்றி எடுத்துவிட்டு மிச்சத்தை இறக்குவார்கள். பிறகு அடுத்த வட்டம். எல்லா வேலையும் தரையில் நின்றபடியே நடக்கும். கூரை கடைசியில்தான் கைக்கு எட்டும்.

ஆயிரத்துக்கு மேல் போல்ட்டுகள். ஒவ்வொன்றுக்கும் தலை வெளியே, நட்டு உள்ளே. வெளியே ஒருவர் போல்ட் கழற்றும் மெஷினை வைத்துச் சுழற்றும்போது உள்ளே இன்னொருவர் நட்டைப் பிடிக்காவிட்டால் இரண்டும் சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். மெஷின் சித்தப்பாவுடையது, அதனால் அவர் வெளியே. ஸ்பேனர் அப்பாவுடையது, அதனால் அவர் உள்ளே. நான் தகட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓட வேண்டியிருந்தது. பத்தாவது போல்ட்டிலேயே ஜாக்கிக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "இங்க பாருங்க. வெளியிலேர்ந்து ஒரு தட்டு தட்டினா, பிடின்னு அர்த்தம். உள்ளேர்ந்து ரெண்டு தட்டு தட்டினா, பிடிச்சாச்சு சுத்துன்னு அர்த்தம். பேச வேண்டியதே இல்ல. சந்தோஷமா?"

அது வேலை செய்தது. டங். டங், டங். கர்ரென்று மெஷின். அன்றைக்கு முழுக்க அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

ஆனால் அதற்கு முன்பே, ஜாக்கிகளை இறக்கும்போதே, என் நாள் கெட்டுவிட்டது. எத்தனை ஜாக்கி வேண்டும் என்று போன வாரம் ஜாக்கிக்காரர் போனில் கேட்டபோது ஆறு என்று சொன்னவள் நான். ஒரு வட்டத்தில் எத்தனை தகடோ அத்தனை ஜாக்கி. அவர் ஒவ்வொரு தகட்டையும் உள்ளங்கையால் தொட்டுக்கொண்டே தொட்டியைச் சுற்றி வந்தார். என் அருகில் வந்து நின்றார்.

"பாப்பா, போன்ல ஆறுன்னு சொன்னீங்க. இங்க ஏழு இருக்கு."

நானும் ஒரு சுற்று சுற்றி வந்து எண்ணினேன். ஏழுதான்.

"பரவால்ல, எப்பவும் ஒண்ணு கூடவேதான் கொண்டு வருவேன்." ஏழாவதை எடுக்கப் போனவர் பாதியில் திரும்பினார். "அப்ப வீட்ல தொட்டி நிக்கத் தளம் எத்தனை அடிக்குப் போட்டிருக்கீங்க?"

"அப்பா கூப்பிடறார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அப்பா கூப்பிடவில்லை.

சில வாரங்களுக்கு முன் இந்தத் தொட்டியைப் பார்த்து அளந்து வர வீட்டிலிருந்து வந்தவள் நான்தான். அப்பாவுக்கு அன்றைக்கு வயலுக்கு மருந்து அடிக்கும் வேலை இருந்தது. என் கையில் டேப் இருந்தது. டேப்பின் ஒரு முனையை யாராவது பிடிக்க வேண்டும். விற்றவர் பக்கத்தில்தான் நின்றார், ஓய்வு பெற்ற டிரைவர், தன் இடுப்பு வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்சம் இதைப் பிடிங்க என்று அவரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் அவர் இடுப்புக்கு ஆறுதல் சொல்லி மூடினேன். இடுப்பு வலிக்காரரைக் குனியச் சொல்வதா என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். டேப் இல்லாமலும் கண்டுபிடிக்க வழி இருந்தது. இந்த வகைத் தொட்டியில் தகடுகளின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கினால் குறுக்களவு அடிக்கணக்கில் வந்துவிடும் என்று படித்திருந்தேன். எண்ணினேன். பின்பக்கம் முள்புதர் மண்டிக் கிடந்தது. இந்தப் பக்கமிருந்து புதர் வரை மூன்று, அந்தப் பக்கமிருந்து புதர் வரை இரண்டு. புதருக்குப் பின்னால் ஒன்று இருப்பதாக எடுத்துக்கொள்வோம் என்று எடுத்துக்கொண்டேன். மூன்று வருடம் அறிவியல் படித்ததில் எடுத்துக்கொள்வது மட்டும் நன்றாகப் பழகியிருந்தது. ஆறு. ஆறு மூன்று பதினெட்டு.

"அளந்தியா?" என்று கேட்டார் அப்பா.

"ம்" என்றேன்.

பதினெட்டு அடித் தொட்டிக்குப் பத்தொன்பது அடித் தளம். கொத்தனார் பத்து நாளைக்கு முன் போட்டு முடித்துவிட்டார். தொட்டியை விற்றவர் நேற்று அந்தப் புதரை வெட்டிவிட்டார். அதன் பின்னால் இரண்டு தகடுகள் இருந்தன. இருபத்தோரு அடித் தொட்டி.

இது இந்த அளவில் நின்றிருந்தால் காலையிலேயே சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அப்பாவும் சித்தப்பாவும் பேசாமல் போனதே ஓர் அளவால்தான். சித்தப்பா தன் வீட்டு கேட்டுக்குத் தானே அளந்து தூண் நட்டார். டிராக்டர் நுழையவில்லை. நாலு இஞ்ச் குறைவு. அவர் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தவர்கள் முன்னால் அப்பா அதைச் சொல்லிச் சிரித்தார். சித்தப்பா உள்ளே நுழைந்ததும், "நாலு இஞ்ச் வந்தாச்சா?" என்று கேட்டார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கடைத்தெருவில்கூட இப்போது அவர் நாலு இஞ்ச்தான். டிராக்டர் இன்னும் கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறது. சித்தப்பா தூணை இடிக்கவும் இல்லை, அப்பாவிடம் பேசவும் இல்லை.

அடி வட்டம் துருவால் இறுகிக் கிடந்தது. அதைக் கழற்றவே பத்து மணியாகிவிட்டது. பழைய சோளம் மக்கிக் கருத்து, தகட்டின் அடியோரம் கேக் மாதிரி ஒட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு எலி ஓடியது. அப்பா எலியைத் திட்டினார், போல்ட்டைத் திட்டினார், பொதுவாக உலகத்தைத் திட்டினார். உள்ளேயிருந்து பேசுகிற எதுவும் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி வந்து பெரிதாகி வெளியே வரும். ஜாக்கிக்காரர் ஒவ்வொரு தடவையும், "யாரு, சாமியா பேசறது?" என்றார்.

கழற்றிய தகடுகளுக்குப் பெயின்ட்டால் எண் போடுவது என் வேலை. அடுக்கு ஒன்று, தகடு ஒன்று. அடுக்கு ஒன்று, தகடு இரண்டு. ஏழாவது தகட்டில் ஏழு என்று என் கையாலேயே எழுதினேன். எழுதியது கோணிப் போனது.

"உங்க அப்பாகிட்ட கேளு" என்றார் சித்தப்பா, தகட்டைத் தூக்கி அடுக்கிக்கொண்டே. "பார்க்க ரொம்பப் பெருசா இருக்கே. போட்ட தளம் சரியா இருக்குமான்னு."

அப்பா கதவு இருந்த ஓட்டை வழியாகத் தலையை நீட்டினார். முகமெல்லாம் சோளத் தூசி. "சொல்லு உங்க சித்தப்பாகிட்ட. அளந்தது என் பொண்ணு. சயின்ஸ் படிச்சவ. இது ஒண்ணும் அவன் வீட்டு கேட்டு இல்லன்னு சொல்லு."

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். "சரியா இருக்குமாம்" என்றேன். மூன்று வருடமாக நான் செய்வது இதுதான். ஒரு பக்கம் கொட்டியதைச் சலித்து, கல்லை என்னிடமே வைத்துக்கொண்டு, மிச்சத்தை மறுபக்கம் கொடுப்பது. சித்தப்பா அடுத்த போல்ட்டில் மெஷினைத் தேவைக்கு மேல் நேரம் ஓட்டினார்.

ஒரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா வண்டியின் இந்தப் பக்க நிழலில், சித்தப்பா அந்தப் பக்க நிழலில். நான் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று சாலை வரைக்கும் போய்க் கொத்தனாருக்குப் போன் செய்தேன். அவர் அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் இருந்தார், மாட்டுக் கொட்டகைச் சுவருக்குப் பூச்சு வேலை. மாலை நாலே முக்கால் பஸ்ஸில் வேறு ஊருக்குப் போகிறார். அங்கே நாற்பது நாள் வேலை.

"அண்ணே, அந்தத் தளத்தைக் கொஞ்சம் பெருசாக்கணும்னா ஆகுமா?"

"எவ்ளோ பெருசா?"

"சும்மாதான் கேட்டேன்."

"சும்மா யாராவது தளத்தைப் பத்திக் கேப்பாங்களா? ஆகும். இன்னிக்குத் தங்கி நாளைக்குக் காலையில சுத்திப் போட்டுக் குடுத்துட்டுப் போவேன். இன்னிக்கு விட்டா அப்புறம் நாப்பது நாள்தான். ஆனா உங்க அப்பா வாயால சொல்லணும் பாப்பா. முன்னாடி உங்க சித்தப்பா சொன்னார்னு சுவத்த அரையடி தள்ளிக் கட்டினதுக்கு உங்க அப்பா என்னைக் கேட்ட கேள்வி இருக்கே! அப்பாகிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க."

கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். தண்ணீர் எடுக்காமலேயே திரும்பி வந்தேன். "தண்ணி எங்க?" என்றார்கள் இரண்டு பக்கத்து நிழலிலிருந்தும், ஒரே நேரத்தில்.

நாற்பது நாள். அறுவடைக்குப் பன்னிரண்டு. இரண்டு வீட்டுச் சோளமும் போன வருடம் மாதிரி மூட்டையில் நிற்கும். இது கூட்டல் கழித்தல் கணக்கு, எடுத்துக்கொள்வதற்கு இதில் எதுவும் இல்லை. ஒவ்வொரு போல்ட் கழன்று வாளியில் விழும்போதும் இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அப்போதெல்லாம் அப்பா இருமினார், அல்லது சித்தப்பா மெஷினுக்கு பேட்டரி மாற்றினார், அல்லது நானே ஒரு எண்ணைத் தப்பாக எழுதி அழித்து எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கே லாரி வந்து நின்றுகொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஹாரன் அடித்தது. ஒவ்வொரு ஹாரனுக்கும் அப்பா, "உங்க சித்தப்பா கூட்டிட்டு வந்த லாரியைக் கொஞ்சம் வாய மூடச் சொல்லு" என்றார். லாரியைப் பேசி வைத்தது அப்பாதான். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல் இருந்தது.

மூன்றாவது வட்டம் கழன்றபோது சித்தப்பா என்னிடம் டேப் கேட்டார். லாரிப் பலகையின் நீளம் பார்க்க வேண்டுமாம். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டு ஆரஞ்சு டேப். அவர் அதை இழுத்து, முனையைப் பார்த்து, கட்டைவிரலால் தடவினார்.

"இது இன்னும் இருக்கா?" என்றார்.

முனையில் நாலு இஞ்ச் உடைந்து போன டேப் அது. நாலிலிருந்துதான் தொடங்கும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், நாலைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு அது புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "சித்தப்பா, கேட்டுக்கு..."

"அன்னிக்கு உங்க அம்மாகிட்ட கேட்டு வாங்கிட்டுப் போனேன். அவங்க அடுப்புல வேலையா இருந்தாங்க, நீட்டினாங்க, வாங்கிட்டேன். நானும் நுனியப் பார்க்கல." குரலைத் தாழ்த்தவில்லை. உள்ளே அப்பா போல்ட்டோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார், அவருக்குக் கேட்டிருக்காது. "உங்க அப்பா சிரிச்சப்பவே டேப்பைத் தூக்கி மூஞ்சில போட்டிருக்கணும். வாயத் தொறக்கல. மறுநாள் சொன்னா சாக்கு மாதிரி இருக்கும். ஒரு மாசம் கழிச்சு என்னத்தச் சொல்றது? ஒண்ணும் சொல்ல முடியாது. போ, போய் எண்ணு போடு, லாரிக்காரன் பாட்டுப் பாடுறான்."

நாலு மணி இருபது. கடைசி வட்டமும் கூரையும் மட்டும் ஜாக்கிகளில் நின்றன. இரண்டடி உயரத்தில், தலைக்குப் பெரிதாகிவிட்ட தொப்பி மாதிரி. அப்பா குனிந்து உள்ளே போய்விட்டார். கூரையின் விளிம்புப் போல்ட்டுகள் மிச்சம். டங். டங், டங். கர்ர். அப்போது என் போன் அடித்தது.

கொத்தனார். "பாப்பா, நான் கைகால் கழுவிட்டேன். அப்பாகிட்ட கேட்டீங்களா இல்லையா?"

"அது வந்து..."

"கேக்கல, என்ன சத்தம் அங்க? சத்தமா சொல்லுங்க!"

பள்ளிக்கூட நாளிலிருந்து எல்லோரும் என்னிடம் சொல்லிவரும் ஒரே விஷயம் அது. சாலைப் பக்கம் போய்ப் பேசியிருக்கலாம். அங்கே சத்தம் இருக்காது, யார் காதிலும் விழாது. இரண்டு எட்டு வைத்தேன்கூட. ஜாக்கிக்காரர் ஒரு ஜாக்கியின் கைப்பிடியில் சாய்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்காதவர்.

நான் திரும்பினேன். மண்டி போட்டு, தகட்டின் விளிம்புக்கு அடியில் நுழைந்து, தொட்டிக்குள் போனேன். உள்ளே இருட்டு. கழன்ற போல்ட்டுகள் இருந்த ஓட்டைகள் வழியாக வெளிச்சம் புள்ளி புள்ளியாக வந்தது. அப்பாவின் சட்டையிலும் ஸ்பேனர் பிடித்த கையிலும் அந்தப் புள்ளிகள்.

"என்னம்மா? என்னவாம் உங்க சித்தப்பாவுக்கு?" என்றார்.

"பாப்பா, பஸ்ஸு வந்துரும்!" என்றது போன். "சத்தமா!"

"அண்ணே, போகாதீங்க!" என்றேன். நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது குரல். "தளம் பத்தாது. சுத்தி ஒன்றரை அடி வேணும். இது பதினெட்டு இல்ல, இருபத்தோரு அடி. ஏழு ஷீட்டு. நான் அளக்கவே இல்ல. பிடிக்கச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு எண்ணிட்டு வந்தேன். அப்பாகிட்ட அளந்தேன்னு சொல்லிட்டேன்."

சொல்லி முடித்த பிறகும் அது முடியவில்லை. தகட்டுக்குத் தகடு மோதிச் சுற்றி வந்தது. சொல்லிட்டேன், சொல்லிட்டேன் என்று கூரை வரை ஏறி இறங்கியது. வெளியே மெஷின் நின்றுவிட்டது. லாரிகூட ஹாரன் அடிக்கவில்லை.

"அப்பாகிட்ட குடுங்க" என்றார் கொத்தனார்.

நான் போனை இருட்டில் நீட்டினேன். அப்பாவின் முகம் தெரியவில்லை. புள்ளிகள் அசையாமல் அவர் கையில் இருந்தன, ஸ்பேனர் நட்டின் மேல் இருந்தது. அந்த போல்ட்டின் இன்னொரு முனையில், தகட்டுக்கு வெளியே, சித்தப்பா நின்றார்.

அங்கிருந்து மெதுவாக ஒரே ஒரு தட்டு கேட்டது. பிடி.